தங்கைக்கு வந்த காய்ச்சல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கு அடுத்தபடியாகப் பேச்சு பேரப்பிள்ளைகளின் போனுக்குத்தான் வருகிறது. ரத்தம் வழிகிற முகங்களையும் சவப்பெட்டியிலிருந்து எழுந்து வருகிறவர்களையும் இந்தப் பிள்ளைகள் சோறு தின்றுகொண்டே பார்க்கிறார்களே, பிஞ்சு மனசை இதெல்லாம் என்ன செய்யும் என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நான் மட்டும் வாய் திறப்பதில்லை. பேயைப் பார்த்துப் பயந்து காய்ச்சலில் விழுந்த ஒரு குழந்தையைப் பார்த்து ஒரு குளிர்காலம் முழுவதும் வயிறெரிந்தவள் நான். அந்தக் குழந்தை என் தங்கை.

அப்போது நாங்கள் சிகந்தராபாத் பக்கத்தில் மௌலா அலியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா டீசல் ஷெட்டில் ஃபிட்டர். அவருடைய அப்பா அரக்கோணத்திலிருந்து ரயில்வே வேலையாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அதனால் வீட்டுக்குள் வட ஆற்காட்டுத் தமிழும், வாசலைத் தாண்டினால் தெலுங்கும் தக்கணி உருதுவுமாக வளர்ந்தோம். எனக்குப் பத்து வயது. தங்கைக்கு ஏழு. அவளுக்குச் சுருட்டை முடி. காலையில் அதைச் சிக்கெடுத்து வாரிவிட அம்மாவுக்கு வெகுநேரம் ஆகும். அவள் அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு கதை பேசிக்கொண்டிருப்பாள். என் முடியோ நேர்முடி. இரண்டு இழுப்பில் பின்னி முடித்து, "ஆச்சு, போ" என்று அம்மா முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள். சுருட்டை முடி வேண்டுமென்று ஈரத் தலையோடு துணியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். காலையில் வைக்கோல் மாதிரி நின்றது.

எங்கள் வீட்டில் பேய் ஒரு பொழுதுபோக்கு. சென்னை வண்டியில் கார்டாக வரும் ஒருவர் அம்மாவுக்காகப் பேய்க்கதைப் பாக்கெட் நாவல்கள் வாங்கி வருவார். மலிவுத் தாள், மங்கிய அச்சு, அட்டையில் மட்டும் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புடவைக்காரி. ஞாயிற்றுக்கிழமை பகலில் பின்கட்டு வெயிலில் நாங்கள் இருவரும் முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்குவோம். அம்மா சத்தமாகப் படிப்பாள். பேய் கதவைத் தட்டுகிற இடம் வந்ததும் தங்கை வீலென்று கத்திக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொள்வாள். அம்மா சிரித்துக்கொண்டே அவளை அணைத்தபடி மீதியைப் படிப்பாள். எனக்குப் பயம் வராது. கதவைத் திறந்தால் யார் இருப்பார்கள் என்று தெரிந்துகொள்ளும் அவசரம்தான் இருக்கும். "இவ பாரு, கல்லு மாதிரி குந்திக்கினு கீறா" என்பாள் அம்மா. அவள் பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. முறத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் நான்.

தை மாதத்தில் நகரத்தில் பெரிய பொருட்காட்சி போடுவார்கள். அந்த வருடம் அப்பா எங்களை அழைத்துப் போனார். சிகந்தராபாத் வரை லோக்கல் ரயில், பிறகு பஸ். உள்ளே மிளகாய் பஜ்ஜி வாசனையும் புதுக் கம்பளிகளின் வாசனையும் கலந்து அடித்தது. ராட்டினத்தைத் தாண்டிய ஒரு மூலையில் கறுப்புத் துணி போட்டு ஒரு பேய் வீடு கட்டியிருந்தார்கள். வாசலில் எலும்புக்கூடு ஓவியம், அதன் கண்களில் சிவப்பு பல்பு. ஒலிபெருக்கியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இருந்தாள். டேப் தேய்ந்து போயிருந்ததால் சிரிப்பு நடுநடுவே விக்கியது. இத்தனை நாளும் கதையில் கேட்ட கதவுக்கு அந்தப் பக்கம் போகப்போகிறேன் என்று நினைத்தேன்.

டிக்கெட் கிழிப்பவன் எங்களைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்தான். ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தைதான் என்றான். உள்ளே இருட்டு, வழி குறுகல், இரண்டு குழந்தைகளை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியாதாம்.

"எங்கம்மா சத்தியமா நான் வரமாட்டேன்" என்றாள் அம்மா. கதையில் வரும் பேய்தான் அவளுக்குப் பிடிக்கும்.

அப்பா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். தங்கை ஏற்கெனவே அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ பெரியவ இல்ல? அடுத்த வாட்டி உன்ன இட்டுக்கினு போறேன்" என்று என்னிடம் சொன்னார்.

அவர்கள் உள்ளே போனார்கள். அம்மா எதிர்ப்பக்கத்து வளையல் கடைக்குப் போய்விட்டாள். நான் அப்பாவின் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு, வெளியே வருகிற வழியில் தொங்கிய திரைக்கு முன்னால் நின்றேன். திரை விலகும்போதெல்லாம் யாராவது சிரித்துக்கொண்டே வந்தார்கள். பெரிய பெண்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் எல்லோரும் எதையோ பார்த்துவிட்டார்கள், நான் மட்டும் பார்க்கவில்லை.

திடீரென்று அப்பா வந்தார். தனியாக வந்தார். யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி வந்தார். மஃப்ளர் ஒரு தோளில் தொங்கியது. என் பக்கம் திரும்பினார், ஆனால் என்னைப் பார்த்த மாதிரி இல்லை. பிறகு தன் வலது கையைப் பார்த்தார். அடுத்த கணம் அந்தத் திரையை ஒதுக்கிக்கொண்டு வந்த வழியாகவே உள்ளே ஓடினார். காவலுக்கு நின்றவன், "இதர் ஸே நக்கோ, நக்கோ" என்று, இந்த வழியாகப் போகாதே என்று கத்திக்கொண்டே பின்னால் போனான்.

ஒலிபெருக்கிக்காரி விக்கி விக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அப்பா மறுபடி வந்தார். இந்த முறை தங்கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் அழவில்லை. அவள் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு காலில் பச்சை ரப்பர் செருப்பு இருந்தது, மற்றக் கால் வெறுங்கால்.

அம்மா வளையல் கடையிலிருந்து ஓடி வந்தாள். "இன்னா ஆச்சு?"

"கும்பல்ல கைய உருவிக்கினு ஓடிட்டா" என்றார் அப்பா. "பேயப் பாத்து பயந்துட்டா."

"கொழந்தய உள்ள இட்டுக்கினு போவாதன்னு நான் அப்பவே சொன்னேன் இல்ல" என்றாள் அம்மா. அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

நான் இதையெல்லாம் முழுதாகப் பார்த்தேன், கேட்டேன். ஆனால் மனதில் தங்கியது ஒன்றுதான். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸிலும் இறக்கிவிடவில்லை. லோக்கல் ரயிலிலும் இறக்கிவிடவில்லை. மௌலா அலி ஸ்டேஷனிலிருந்து வீடு வரை அவர் தோளில் அவள் தலை ஆடிக்கொண்டே போனதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். நினைவு தெரிந்து அப்பா என்னைத் தூக்கியதில்லை.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பேச்சும் நின்றுவிட்டது. எதைக் கேட்டாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அப்பா ஷெட்டுக்கு லீவு போட்டார். எனக்கு அம்மை போட்டபோதுகூட அவர் லீவு போட்டதில்லை. வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினவர்தான். இப்போது பகலெல்லாம் தங்கையின் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் போய் ஈரானி ஹோட்டலில் உஸ்மானியா பிஸ்கட் வாங்கி வருவார். சூடு ஆறாத பொட்டலம். வெண்ணெயும் கொஞ்சம் உப்புமாக வீடெல்லாம் மணக்கும். ஒவ்வொன்றாக டீயில் நனைத்து அவள் வாயருகே கொண்டு போவார். அவள் அவர் பக்கம் திரும்பமாட்டாள். அம்மா வாங்கி ஊட்டினால் தின்பாள். "பாரு எப்டி பவிசு பண்றா" என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். கடைசியில் பொட்டலத்தின் அடியில் கிடக்கும் தூள் எனக்கு. அந்தக் காகிதத்தை நக்கியது இப்போதும் நாக்கில் இருக்கிறது.

ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் அப்பாவை நன்றாகத் திட்டினார். "ஏழு வயசுப் பிள்ளைய அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் யாராவது கூட்டிட்டுப் போவாங்களா? பெரியவங்களுக்கே ஆகாது. குழந்தைகளுக்கு நரம்பு தாங்காது." அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஹவ் சார், ஹவ் சார்" என்று ஆமாம் போட்டுக்கொண்டே நின்றார். இன்னும் திட்டமாட்டாரா என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்த அம்மாளை நாங்கள் காலாம்மா என்று கூப்பிடுவோம். அம்மாவுக்கு அக்கா மாதிரி. மாத்திரையோடு நிற்காமல் மலைக்கும் ஒருமுறை கொண்டு போய் ஓத வைத்துக்கொண்டு வாருங்கள் என்று அவள்தான் சொன்னாள். எங்கள் காலனியிலிருந்து பார்த்தால் தெரியும் மலைதான், உச்சியில் தர்கா. படி முழுவதும் அப்பா தங்கையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ஏறினார். நான் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். காலில் முள் குத்தியது. வாயைத் திறக்கவில்லை. யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

மேலே மயில்தோகை வைத்திருந்த பெரியவர் ஒருவர் தங்கையின் தலையில் கை வைத்து, எதைக் கண்டு பயந்தாய் மகளே என்று உருதுவில் கேட்டார். தங்கை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். "பூத் கர் மே, ஹஜ்ரத்" என்று அப்பாவே முந்திக்கொண்டு பதில் சொன்னார். பேய் வீட்டில்தான் என்று.

பெரியவர் ஓதி ஊதி, அவள் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு ஒன்று கட்டினார். பிறகு என்னைப் பார்த்து இதற்கும் கட்டவா என்று கேட்டார். நான் கையை நீட்டிவிட்டேன்.

"இஸ்கோ நக்கோ" என்று அம்மா சிரித்தாள். "இதுக்கு வேணாம். இது எதுக்கும் பயப்படாது."

நீட்டின கையை மடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய பூட்ஸிலிருந்து லேஸை உருவி மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். அழுக்கும் கிரீஸுமாக இருந்தது. அம்மா பார்த்துவிட்டு அரிவாள்மணையில் வைத்து அறுத்து எறிந்தாள்.

அதற்குள் விஷயம் காலனி முழுக்கப் பரவிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பேய்க்கதை சொல்லி, பேய்க்கதை கெடுதல் என்று முடித்தார்கள். காலனி மன்றமான ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் அந்த மாதம் போடுவதாக இருந்த பேய்ப் படத்தை நிறுத்திவிட்டு ஒரு பக்திப் படம் போட்டார்கள். பிள்ளைகள் எல்லோரும் என் தங்கையைச் சபித்தார்கள். அம்மா தன் பாக்கெட் நாவல்கள் எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரனிடம் போட்டாள். அதில் ஒன்று பாதி படித்து நிறுத்தியது. கிணற்றுக்குள்ளிருந்து கை ஒன்று வருகிற இடம். அந்தக் கை யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "நான் பயப்படலியே, எனக்கு ஏன் படிக்கக் கூடாது?" என்று கேட்டேன். "உனக்கு இன்னாடி, உனக்கு எதுவும் வராது" என்றாள் அம்மா. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "எல்லாம் அந்தப் பேய் வீட்டாலதான்" என்று வருகிறவர்களிடம் அவரே எடுத்துச் சொன்னார்.

எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. நானும் பயப்பட வேண்டும்.

தண்டவாளத்தை ஒட்டி ஆள் இல்லாத குவார்ட்டர்ஸ் ஒன்று இருந்தது. நீராவி எஞ்சினில் கரி போட்டுவந்து எப்போதோ செத்துப்போன ஃபயர்மேன் ஒருவர் அங்கே பகலிலும் நடமாடுகிறார் என்று பேச்சு. பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டு வேளையில் நழுவி அங்கே போனேன். கதவு இல்லை. உள்ளே வௌவால் எச்ச நாற்றம். சுவரில் பழைய காலண்டரின் ஆணி மட்டும் இருந்தது. மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "வா" என்றேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டேன். வெளியே சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. வந்துவிட்டார் என்று சந்தோஷமாக எழுந்தேன். ஒரு ஆடு தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பயப்படத் தெரியாதவளுக்கு யாரும் டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுக்கமாட்டார்கள் என்று அழுதேன்.

வீட்டுக்கு வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பேயப் பாத்தேன்" என்றேன். அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டால் காய்ச்சல் வரும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சில்லுனு கீதே" என்று என் கையைத் தூக்கினாள். வெங்காயம் உருண்டு கட்டிலுக்கடியில் ஓடியது. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காலாம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அவரிடமும் சொன்னாள். அவரும் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. டிபன் கேரியரைத் தரையில் வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்து தோளைப் பிடித்தார்.

"நீ இன்னா பாத்த?"

"ஒண்ணும் பாக்கல. பொய் சொன்னேன்."

"அன்னிக்கி. பொருட்காட்சில. நீ வெளிய நின்னுக்கினு இருந்தியே, அப்ப இன்னா பாத்த?" பிடி இறுகியது. "சொல்லுடி. இன்னா பாத்த?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. "நீ அவள தூக்கிக்கினு வந்தத பாத்தேன்" என்றேன்.

அப்பாவின் கை தளர்ந்தது. பிறகு முதுகில் ஒன்று வைத்து, "போய் மூஞ்சி கழுவு. இனிமே இந்த மாதிரி வேல பண்ணினா காலை ஒடச்சிருவேன்" என்றார். அன்று முழுக்க நான் தேம்பிக்கொண்டிருந்தேன். எனக்கென்றால் அடி, அவளுக்கென்றால் பிஸ்கட் என்று.

வேப்பம்பூ உதிரும் காலத்தில் தங்கை மறுபடி பேச ஆரம்பித்தாள். கறுப்புக் கயிறு நைந்து எங்கோ விழுந்துவிட்டது. ஒற்றைப் பச்சைச் செருப்பு மட்டும் வெகுநாள் வாசல் மூலையில் கிடந்தது. ஆனால் வீட்டில் ஏற்பட்ட சட்டம் மாறவில்லை. அவள் பயந்தவள், நான் திடமானவள். மண்ணெண்ணெய் கியூவுக்கு நான். இருட்டில் கொல்லைக் கதவைத் தாழ் போட நான். பள்ளிக்கூடத்தில் டூர் போனால் நான் போகலாம், அவள் போகக் கூடாது. கல்லூரிக்கு அவள் ரயிலேறிப் போன காலத்திலும் அப்பா ஸ்டேஷன் வரை கூடவே நடந்தார். நான் தட்டச்சு வகுப்புக்கு இருட்டுகிற நேரத்தில் தனியாகத்தான் போய் வந்தேன். அவளுக்குக் கல்யாணமாகி பேகம்பேட்டில் குடித்தனம் வைத்ததும் வாரா வாரம் பை நிறைய கொய்யாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்னைத் தூரத்தில், காஜிபேட்டில் கொடுத்திருந்தார்கள். ரயில்வேக்காரருக்கு ரயில் ஏற என்ன கஷ்டம்? எனக்குக் குழந்தை பிறந்தபோது மட்டும் வந்தார். கடைசிக் காலத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் மருந்துக்கும் இளநீருக்கும் ஓடியது நான். திரும்பி வந்து பார்த்தால் தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், இருவரும் ஒன்றும் பேசாமல் இருப்பார்கள். அவர்கள் அப்படிப் பேசாமலிருப்பதுகூட என்னை உறுத்தியது.

அப்பா போய் வருடங்களாகிவிட்டன. இப்போது நான் கச்சிபௌலியில் மகனோடு இருக்கிறேன். போன அக்டோபர் கடைசியில் தங்கை நாலு நாள் தங்கிப் போக வந்திருந்தாள். எங்கள் அடுக்குமாடியில் ஹாலோவீன் என்று வேடிக்கை வைத்திருந்தார்கள். கிளப் ஹவுஸின் கீழ்த்தளத்தைக் கறுப்புத் துணியால் மூடிப் பேய் வீடாக்கியிருந்தார்கள். குழந்தைகளை விடலாமா கூடாதா என்று பெற்றவர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் சண்டை. என் பேரன், "அம்மா ப்ளீஸ், எவ்ரிபடி இஸ் கோயிங்" என்று காலைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

மருமகள் தங்கையிடம் கேட்டாள். "சின்னத்தை, உங்களுக்குச் சின்ன வயசுல இந்த மாதிரி ஒரு இடத்துலதான் பயந்து காய்ச்சல் வந்துச்சுன்னு அத்தை சொல்லியிருக்காங்க. இவன அனுப்பலாமா?"

"தாராளமா அனுப்பு. நானே இட்டுக்கினு போறேன்" என்றாள் தங்கை.

போனாள். திரும்பி வரும்போது அவள் கன்னத்தில் யாரோ பூசிவிட்ட சிவப்புச் சாயம். பேரனுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது, இன்னொரு தடவை போக வேண்டும் என்றான். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தேன். கீழே ஆபீஸ் விட்ட வண்டிகள் நகராமல் நின்றுகொண்டிருந்தன.

"உனக்கு இப்ப பயமே இல்லியா?" என்று கேட்டேன்.

"பேய்க்கு இன்னாக்கா பயம்" என்றாள். "அன்னிக்கும் நான் பேய்க்குப் பயப்படல."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உள்ள போனதும் ஒரு வளைவு. அங்க ஒருத்தன் வெள்ளத் துணி போத்திக்கினு திடுக்னு வந்தான். மூஞ்சில பூசின மாவு காதுகிட்ட உரிஞ்சிருந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சிக்கினே அப்பாவப் பாத்தேன். அப்பா 'ஐயோ அம்மா'ன்னு கத்தினாரு. என் கைய உதறிட்டு ஓடிட்டாரு."

"அப்பாவா?"

"அப்பாதான். நான் இருட்டுல நின்னேன். கும்பல்ல செருப்பு போச்சு. அந்த வேஷக்காரந்தான் என் பக்கத்துல குந்திக்கினு, 'ரோ நக்கோ பேட்டி'ன்னு என் தலையத் தடவினான். அழாத, உங்கப்பா வந்துருவாருன்னான். அப்பா வந்தாரு, தூக்கினாரு. அதுவரைக்கும் ஒண்ணும் ஆவல எனக்கு. வெளிய வந்து அம்மாகிட்ட, நான் கைய உருவிக்கினு ஓடிட்டேன்னு சொன்னாரு இல்ல? அத்தக் கேட்டதும்தான் ஒடம்பு நடுங்க ஆரம்பிச்சுது. நான் ஓடலியே, நான் நின்னுக்கினுதானே இருந்தேன்னு சொல்ல வாயே வரல."

திரையை ஒதுக்கிக்கொண்டு தனியாக வந்த அப்பா, தன் கையையே பார்த்த அப்பா, இத்தனை வருடம் கழித்து என் முன்னால் வந்து நின்றார். "நீ இன்னா பாத்த" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிய காரணமும் அப்போதுதான் விளங்கியது.

"அப்புறமாவது உன்கிட்ட ஏதாவது சொன்னாரா? கடசில, ஆஸ்பத்திரில?"

"சொல்லல. நானும் கேக்கல. சொல்ல வர்ற மாதிரி பாப்பாரு, அவ்ளோதான்." அவள் கன்னத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கு ஒண்ணு தெரியுமாக்கா? வாழ்க்க முழுக்க அவரு என்ன ஒரு வார்த்த திட்டினது இல்ல. நான் பரீட்சையில ஃபெயில் ஆனப்பகூட. உன்னத் திட்டுவாரு, அடிப்பாரு, மறுநிமிஷம் உன்னயே கூப்ட்டு தண்ணி கொண்டான்னுவாரு. என்கிட்ட தண்ணி கேக்கறதுக்குக்கூட அவருக்குக் கூச்சம். உன் மேல எனக்கு எவ்ளோ பொறாம தெரியுமா?"

நியாயமாக அந்த இடத்தில் எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறொன்று. உறுமிக்கொண்டு நிற்கிற எஞ்சினுக்கு அடியில் குனிந்து பார்க்கிறவர், ஷெட்டில் பாம்பு வந்தால் கூப்பிட்டு அனுப்பப்படுகிறவர் என்றுதான் எனக்கு அப்பாவைத் தெரியும். அவர் தன் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தியதை அவள் கேட்டிருக்கிறாள். வேறு யாரும் கேட்டதில்லை, எங்கள் அம்மாகூட.

"அப்ப அவரு மூஞ்சி எப்டி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"சொல்லத் தெரிலக்கா."

"யோசிச்சு சொல்லு."

அவள் கீழே நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "சின்னப் புள்ள மாதிரி இருந்தாரு" என்று சொல்லிவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைத் திட்டிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கண்ணை உருட்டுகிற முகம், பல்லைக் கடிக்கிற முகம், திட்டி முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்கிற முகம். தங்கைக்கு வேண்டுமானால் அத்தனையையும் கொடுத்துவிடுவேன். பதிலுக்கு அவள் பார்த்த அந்த ஒரு முகத்தை எனக்குக் கொடுப்பாளா என்று கேட்கலாம் என்று எழுந்து உள்ளே போனேன். அவள் பேரனுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.